ஆணா, பெண்ணா? தேரை சொல்லும் செய்தி

நல்ல மழை பெய்து ஓய்ந்த இரவில் கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் செல்லும் சாலையோரம் சற்று நின்று கேளுங்கள். தேங்கிய நீர் ஒவ்வொன்றிலிருந்தும் தவளைகளின் கச்சேரி எழும். அந்தக் கச்சேரியில் பாடுபவை அனைத்தும் ஏறத்தாழ ஆண்களே. பெண் தவளைகள் கேட்கின்றன, கேட்டுத் தேர்ந்தெடுக்கின்றன.

இரண்டும் ஒரே குட்டையில் பிறந்தவை. ஒரே பாசியைத் தின்று தலைப்பிரட்டையாக வளர்ந்தவை. அப்படியிருக்க ஒன்று பாடகனாகவும் மற்றொன்று கேட்பவளாகவும் ஆனது எப்படி? வேறுபாடு தொண்டையில் மட்டும்தானா, உடல் முழுவதும் பரவியுள்ளதா? அது எப்போது முடிவாகிறது?

இயற்பியல் கற்பிப்பவனுக்குத் தவளையின் வயிற்றில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சற்றுப் பொறுங்கள். இந்தக் கதையின் நடுவில் ஒரு வெப்பமானி வந்து சேரும். அது வந்தபின் என் வேலை என்னவென்று உங்களுக்கே விளங்கிவிடும்.

உடலெங்கும் வேறுபாடு

வயல்களில் வாழும் பெரிய இந்தியத் தவளையை எடுத்துக்கொள்வோம். ஆண்டின் பெரும்பகுதியில் ஆணும் பெண்ணும் ஒரே பழுப்புப் பச்சை நிறம். மழை வந்து இனப்பெருக்கக் காலம் தொடங்கியதும் ஆண் எலுமிச்சை மஞ்சளாக மாறுகிறது. தாடையின் இருபுறமும் உள்ள குரல் பைகள் நீல நிறம் கொள்கின்றன. பெண்ணோ உருவில் பெரியது; நிறம் மாறுவதில்லை.

இது வெளித்தோற்றம். உள்ளே பார்த்தால் வேறுபாடு இன்னும் ஆழமானது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தவளை பெண்ணின் முதுகில் ஏறி முன்கால்களால் இறுகப் பற்றிக்கொள்ளும். முட்டையிட்டு முடியும்வரை அந்தப் பிடி தளரக் கூடாது. இதற்கென ஆணின் முன்கைத் தசைகள் பெண்ணின் தசைகளைவிடப் பருத்திருக்கின்றன. முதல் விரலின் அடியில் சொரசொரப்பான ஒரு தடிப்பும் தோன்றுகிறது. இதனைக் கலவித் திண்டு என்பர்.

குரல்வளையிலும் இதே கதைதான். ஸீனோபஸ் என்னும் ஆப்பிரிக்கத் தவளை ஆய்வுக்கூடங்களில் பெரிதும் வளர்க்கப்படுவது. அதன் ஆணுக்குக் குரல்வளைத் தசை மிகப் பெரியது. அத்தசையின் இழைகள் அனைத்தும் விரைவாகச் சுருங்கி விரைவாகத் தளரும் வகையைச் சேர்ந்தவை. பெண்ணின் குரல்வளையில் மெதுவான இழைகளும் கலந்துள்ளன. ஒரு தசை ஒருமுறை சுருங்கித் தளர்ந்த பின்னரே அடுத்த ஒலித்துடிப்பை எழுப்ப முடியும். ஆகவே வினாடிக்குப் பல துடிப்புகள் கொண்ட ஆணின் பாட்டைப் பெண்ணின் தசையால் பாட இயலாது.

சிறுநீரகத்திற்குக்கூட ஆண், பெண் வேறுபாடு உண்டென்றால் நம்புவீர்களா? பெண் தவளையில் முட்டைகள் தனியான அண்டநாளத்தின் வழியே வெளியேறுகின்றன. சிறுநீரகத்தின் பணி சிறுநீர் பிரிப்பது மட்டுமே. ஆணிலோ விந்தணுக்கள் விந்தகத்திலிருந்து மெல்லிய குழல்கள் வழியாகச் சிறுநீரகத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து சிறுநீர் செல்லும் அதே நாளத்தின் வழியே வெளிவருகின்றன. ஒரே உறுப்பு ஆணில் இரண்டு வேலைகளைச் செய்கிறது.

கல்லீரல் தரும் குறிப்பு

எல்லாவற்றையும்விட வியப்பானது கல்லீரல். தவளை முட்டைக்குள் இருக்கும் மஞ்சட்கரு, குஞ்சுக்குத் தாய் கட்டிக்கொடுக்கும் சோறு. அதன் புரதத்தைத் தயாரிப்பது சூலகம் அன்று, தாயின் கல்லீரல்! அங்கே தயாராகி இரத்தத்தில் கலந்து சூலகத்தை அடைகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்பால் ஹார்மோன் கட்டளையிட்டால்தான் கல்லீரல் இவ்வேலையைத் தொடங்கும்.

இப்போது ஒரு சோதனை. ஆண் ஸீனோபஸ் தவளைக்கு ஈஸ்ட்ரோஜனை ஊசி மூலம் செலுத்தினால் என்ன ஆகும்? அதன் கல்லீரலும் மஞ்சட்கருப் புரதத்தைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. முட்டையே இல்லாத ஆணுக்கு அதனால் பயன் இல்லை, ஆயினும் தயாரிக்கிறது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஆணின் கல்லீரல் செல்லிலும் அந்தப் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு எழுதியே இருக்கிறது. அதைப் படிக்கும் கட்டளைதான் வருவதில்லை. ஆண் திசு, பெண் திசு என்று நாம் பிரித்துப் பேசுவதில் பெரும்பகுதி, ஒரே நூலின் வெவ்வேறு பக்கங்கள் படிக்கப்படுவதன் விளைவே.

அப்படியானால் கட்டளையிடும் சுரப்பி முதலில் எப்படி ஆணாகவோ பெண்ணாகவோ ஆனது?

தேரைக்குள் ஒளிந்திருக்கும் சூலகம்

தவளையின் கருவில் இனப்பெருக்கச் சுரப்பி முதலில் தோன்றும்போது அது விந்தகமும் அன்று, சூலகமும் அன்று. அதற்கு வெளிப்படலம் ஒன்றும் உட்பகுதி ஒன்றும் உண்டு. வெளிப்படலம் வளர்ந்து உட்பகுதி ஒடுங்கினால் சூலகம். உட்பகுதி வளர்ந்து வெளிப்படலம் ஒடுங்கினால் விந்தகம். நுண்ணோக்கியில் சீவல்களை வைத்துப் பார்த்தால் முதிர்ந்த விந்தகத்தில் நெருக்கமான நுண்குழல்களும், சூலகத்தில் வெவ்வேறு அளவுள்ள உருண்டையான முட்டைச் செல்களும் தெரியும். இரண்டும் ஒரே மொட்டிலிருந்து மலர்ந்தவை என்று நம்புவதே கடினம்.

இதற்குச் சான்று வேண்டுமா? உங்கள் வீட்டு முற்றத்தில் பூச்சி பிடிக்கவரும் தேரையே சான்று. ஆண் தேரையின் ஒவ்வொரு விந்தகத்தின் முன்முனையிலும் சிறிய உறுப்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். பிடர் என்ற 19ஆம் நூற்றாண்டு அறிஞரின் பெயரால் அதனைப் பிடர் உறுப்பு என்கின்றனர். அதைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே இருப்பவை வளராத முட்டைச் செல்கள்! ஆண் தேரை தன் உடலுக்குள் உறங்கும் ஒரு சூலகத்தைச் சுமந்துகொண்டே வாழ்கிறது.

அதை எழுப்ப முடியுமா? சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரில் கிட்டி போன்ஸ் என்ற பெண் விஞ்ஞானி 1920களில் இதனை ஆராய்ந்தார். ஆண் தேரைகளின் விந்தகங்களை மட்டும் அகற்றிவிட்டுப் பிடர் உறுப்பை அப்படியே விட்டார். தடுத்து வைத்திருந்த விந்தகம் போனதும் உறங்கிய உறுப்பு மெல்ல வளர்ந்து உண்மையான சூலகமாயிற்று. ஆணாக வாழ்ந்த தேரை முட்டையிடும் நிலையை அடைந்தது.

ஆக, முடிவு என்பது ஒருமுறை எழுதி முத்திரையிட்ட ஆவணம் அன்று. தேரையின் உடலில் அது அன்றாடம் காக்கப்படும் ஒரு சமநிலை.

வெப்பமானி நுழைகிறது

இந்தச் சமநிலையை வெளியிலிருந்து அசைக்க முடியுமா? அமெரிக்காவில் பணியாற்றிய எமில் விட்ஷி என்ற விலங்கியலார், காட்டுத் தவளையின் தலைப்பிரட்டைகளை 32 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் வளர்த்தார். பெண்களாக வளரவேண்டிய தலைப்பிரட்டைகள் ஆண்களாயின. இது 1929ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு. இயற்கையில் தவளையின் பாலை நிர்ணயிப்பவை பெரும்பாலும் மரபணுக்களே. ஆனால் கடும் வெப்பம் அவற்றின் தீர்ப்பையும் மாற்றக்கூடும் என்பதை அது காட்டிற்று.

மரபணுவே தீர்ப்புச் சொல்லாத உயிர்களும் உண்டா? உண்டு. 1966ஆம் ஆண்டில் செனகல் நாட்டில் மடலின் ஷார்னியே என்ற ஆராய்ச்சியாளர், ஓர் ஓணான் வகையின் முட்டைகள் எந்த வெப்பத்தில் அடைகாக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே குஞ்சு ஆணாகவோ பெண்ணாகவோ ஆகிறது எனக் கண்டார். பிறகு ஆமைகளிலும் முதலைகளிலும் அதுவே நிகழ்வது தெரிந்தது. முதலைக்கு நம்மைப்போல் எக்ஸ், ஒய் என்ற பால் குரோமோசோம்களே கிடையாது.

இந்த ஆராய்ச்சியில் ஒரு முக்கியப் பக்கம் கோவளத்துக்குத் தெற்கே, சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள வடநெம்மேலியில் எழுதப்பட்டது. நீங்கள் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருக்கக்கூடிய முதலைப் பண்ணை 1976இல் ராமுலஸ் விட்டேக்கர் முதலியோரால் அங்கே தொடங்கப்பட்டது. தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிவிட்ட இந்திய முதலைகளைப் பெருக்குவதே அதன் நோக்கம். சதுப்புநில முதலைகள் அங்கே நன்றாகப் பெருகின. ஜெஃப்ரி லாங் என்ற அமெரிக்க விலங்கியலார், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் ஆகிய மூவரும் அம்முதலைகளின் முட்டைகளை வெவ்வேறு நிலையான வெப்பங்களில் அடைகாத்து, 1989இல் முடிவை வெளியிட்டனர்.

அந்த முடிவு எளிமையானது. அதனாலேயே திகைக்க வைப்பது. 28 முதல் 31 டிகிரி வரை வைத்த முட்டைகள் எல்லாம் பெண் குஞ்சுகள். 32.5 டிகிரியில் எல்லாம் ஆண் குஞ்சுகள். 31.5, 32, 33 டிகிரிகளில் இரண்டும் கலந்து பிறந்தன. ஒன்றரை டிகிரி வித்தியாசம்! உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்து வெப்பமானியில் அது விரல் நகத்தின் அகலம்கூட இராது.

வெப்பம் எப்படி ஒரு சுரப்பியிடம் பேசுகிறது? உயிர்ச்செல்லின் வேலைகள் நொதிகளால் நடப்பவை. வெப்பம் மாறினால் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதும் மாறும். அரோமட்டேஸ் என்ற நொதி ஆண்பால் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனைப் பெண்பால் ஹார்மோனான ஈஸ்ட்ரடயாலாக மாற்றுவது. ஆமைகளின் கருவில், பெண்ணை உண்டாக்கும் வெப்பத்தில் இந்நொதி மிகுந்து வேலை செய்வதைக் கண்டுள்ளனர். இரு ஹார்மோன்களும் ஒரே குடும்பத்து மூலக்கூறுகள். இடையே இருப்பது ஒரு வேதி மாற்றம்தான்.

மணல் என்னும் வெப்பத் தலையணை

கோவளம் கடற்கரையில் தை முதல் பங்குனி வரை இரவுகளில் பங்குனி ஆமை கரையேறி, மணலில் குழிதோண்டி நூறு முட்டைகளுக்குமேல் இட்டுச் செல்லும். ஏறத்தாழ ஐம்பது நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். ஆமையில் விதி சற்று வேறு: குளிர்ந்த மணல் ஆண்களையும் சூடான மணல் பெண்களையும் தரும். இரண்டும் சமமாகப் பிறக்கும் எல்லை ஏறத்தாழ 29, 30 டிகிரி.

பகலில் கால் வைக்கமுடியாமல் சுடும் மணல் இரவில் குளிர்ந்துவிடுகிறதே, முட்டை என்ன பாடுபடும் என்று தோன்றுகிறதா? இங்கேதான் இயற்பியல் உதவுகிறது. மேற்பரப்பின் வெப்பம் ஓர் அலையாக மணலுக்குள் இறங்குகிறது. இறங்க இறங்கத் தேய்கிறது. ஓரளவு ஈரமுள்ள மணலில் ஏறத்தாழ ஒவ்வொரு 10 செ.மீ. ஆழத்துக்கும் பகலிரவு ஏற்ற இறக்கம் 0.37 மடங்காகச் சுருங்குகிறது எனக் கொள்ளலாம். மேலே பகலுக்கும் இரவுக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்போம். 10 செ.மீ. ஆழத்தில் அது 7.4, 20 செ.மீ.யில் 2.7, 30 செ.மீ.யில் 1, 40 செ.மீ.யில் 0.4 டிகிரி! தாய் ஆமை தோண்டும் குழியின் அடியில் பகலும் இரவும் ஏறத்தாழ ஒன்றே.

ஆனால் இந்தத் தலையணைக்கு ஓர் எல்லை உண்டு. ஒருநாள் அலையை அது தடுக்கும். மாதக்கணக்கில் நீடிக்கும் வெப்பத்தைத் தடுக்காது. மெதுவான அலை ஆழமாக இறங்கும். ஆண்டுதோறும் வெப்பம் கூடினால் குழியும் கூடவே சூடேறும். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த பச்சை ஆமைகளை ஆய்ந்து 2018இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: முதிர்ந்த ஆமைகளில் சுமார் 87 விழுக்காடு பெண்கள், இளம் ஆமைகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள். இளம் ஆமைகள் இனப்பெருக்க வயதை எட்டும்போது அவற்றுக்குத் துணை எங்கிருந்து வரும்?

நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் இதில் பாடம் உண்டு. நாய்களிடமிருந்தும் திருடர்களிடமிருந்தும் காக்க, ஆமை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பது பல நாடுகளில் வழக்கம். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1970களின் பிற்பகுதியில் கோவளத்திலேயே அத்தகைய பொரிப்பகம் ஒன்றை நடத்தியது. சென்னையில் 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று இரவெல்லாம் கடற்கரையில் நடந்து முட்டைகளைக் காத்துவருகிறது. ஆனால் கோஸ்டாரிகா நாட்டில் ஆராய்ந்தவர்கள் 1982இல் ஓர் எச்சரிக்கை விடுத்தனர்: பொரிப்பகத்தின் வெப்பம் இயற்கைக் கூட்டின் வெப்பத்திலிருந்து மாறினால், குஞ்சுகளின் எண்ணிக்கை கூடினாலும் ஆண், பெண் விகிதம் குலைந்துபோகும். எனவே பொரிப்பகத்தில் எவ்வளவு ஆழம், எவ்வளவு நிழல், எப்போது வெப்பம் அளப்பது என்பவை வெறும் சடங்குகள் அல்ல.

நீரில் கலந்த கட்டளை

வெப்பம் தவிர வேறொன்றும் சமநிலையைக் குலைக்கலாம். ஈஸ்ட்ரடயால் கலந்த நீரில் தலைப்பிரட்டைகளை வளர்த்தால் பல வகைத் தவளைகளில் அனைத்தும் பெண்களாகிவிடும். அப்படியானால் ஹார்மோனைப்போல் நடிக்கும் பொருள் குளத்து நீரில் கலந்தால்?

அமெரிக்காவில் டைரோன் ஹேய்ஸ் என்ற விஞ்ஞானி அட்ரசின் என்ற களைக்கொல்லியை ஆராய்ந்தார். நூறு கோடிப் பங்கு நீரில் இரண்டரைப் பங்கு அட்ரசின் கலந்த நீரில் 40 ஆண் ஸீனோபஸ் தவளைகளை வளர்த்தபோது, பத்தில் ஒன்று முட்டையிடும் பெண்ணாக மாறியது என்று 2010இல் எழுதினார். வேறு சில ஆய்வுக்கூடங்கள் தங்களுக்கு அத்தகைய விளைவு கிட்டவில்லை என்றன. வாதம் நீண்டது. அறிவியலில் இது வெட்கப்பட வேண்டியது அன்று. ஒருவர் கண்டதை மற்றவர் மீண்டும் செய்துபார்ப்பதே அதன் முறை. ஐரோப்பிய ஒன்றியமோ நிலத்தடி நீரில் அப்பொருள் சேர்வதைக் காரணங்காட்டி அதன் உரிமத்தை முன்பே நீக்கிவிட்டது. நீர் எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்பதை அளக்க, முன்பு சொன்ன கல்லீரல் சோதனையே இன்று உதவுகிறது. ஆண் மீனின் அல்லது ஆண் தவளையின் இரத்தத்தில் மஞ்சட்கருப் புரதம் தென்பட்டால், ஈஸ்ட்ரோஜன் போன்ற ஏதோ ஒன்று நீரில் இருக்கிறது என்று பொருள்.

முட்டுக்காட்டின் கொடுவா

கடைசியாக, மாற்றமே இயல்பாக உள்ள ஓர் உயிர். முட்டுக்காட்டு உப்பங்கழியில் கிடைக்கும் கொடுவா மீன், வாழ்வின் முதல் சில ஆண்டுகளில் ஆண். உடல் பெருத்தபின் அதன் விந்தகம் கரைந்து சூலகம் உருவாகிறது. அதே மீன் பெண்ணாகி முட்டையிடுகிறது. இடைநிலையில் உள்ள மீனின் சுரப்பியைச் சீவிப் பார்த்தால் இருவகைத் திசுக்களும் அருகருகே தெரியும். பெரிய உடலில் அதிக முட்டைகளைத் தாங்கலாம் என்பதால் இந்த ஏற்பாடு ஆதாயமானது.

கோவளத்தை ஒட்டிய முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுப் பண்ணை உள்ளது. இந்நிலையம் 1997இல் இந்தியாவில் முதன்முறையாகக் கொடுவாவை அடைத்துவைத்த நிலையில் குஞ்சுபொரிக்கச் செய்தது. அதற்குச் சிறிய ஆண்களும் பெரிய பெண்களும் சேர்ந்து வேண்டும். கடலிலும் அதே கணக்குதான். பெரிய மீனை மட்டும் தேடித்தேடிப் பிடித்தால் நாம் பிடிப்பது பெரும்பாலும் தாய்களையே.

நம்மைப்போன்ற பாலூட்டிகளிலும் கருவின் முதல் வாரங்களில் சுரப்பி இருபாலுக்கும் பொதுவானதே. ஒய் குரோமோசோமிலுள்ள எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு அதை விந்தகமாக்குகிறது என்று 1990இல் கண்டறிந்தனர். தாயின் வயிற்றில் வெப்பம் மாறாததால் அங்கே வெப்பமானிக்கு வேலை இல்லை.

நீங்களே செய்து பாருங்கள்

நண்பர்கள் இருவருடனும் வெப்பமானி ஒன்றுடனும் கடற்கரைக்குச் செல்லுங்கள். கடற்கரை தொலைவென்றால் மணல் குவித்த ஒரு பெரிய தொட்டி போதும். 10, 20, 30, 40 செ.மீ. ஆழங்களில் காலை 6 மணி, பிற்பகல் 2 மணி, மாலை 6 மணி என வெப்பத்தை அளந்து வரைபடம் இடுங்கள். ஒருநாள் வெயிலிலும், மற்றொரு நாள் தென்னை ஓலை நிழலிலும் அளவுகளை எடுங்கள். நான் சொன்ன 0.37 என்ற எண் உங்கள் மணலுக்குப் பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். மணலின் ஈரத்தைப் பொறுத்து அது மாறும். ஆமை முட்டையிட்ட குழியை மட்டும் ஒருபோதும் தொடாதீர்கள். அது சட்டப்படியும் குற்றம்.

ஓலை நிழலில் 40 செ.மீ. ஆழத்து வெப்பம் எத்தனை டிகிரி குறைகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலை முட்டைகளுக்கு ஒன்றரை டிகிரி என்ன செய்தது என்பதோடு அந்த எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பந்தல் போடுவதா வேண்டாமா என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்பது அப்போது தெரியும்.